காத்திருக்கத் தெரிந்தவள்

நடந்ததை முதலில் வரிசையாக எழுதிவிடுகிறேன்.

1. என் தோழி கல்லூரிக் கடைசி வருடத்துக்காக ஒரு ஆவணப்படம் எடுத்தாள். கிறிஸ்தவ விசுவாசத்தில் வளர்ந்து, தன் பாலினத்தாரையே நேசிப்பவர்களைப் பற்றிய படம்.
2. அதில் பேசிய ஒருவர் தன் முகம் தெரியக் கூடாது என்றார். முகம் தெரியாதபடி எடுத்தாள்.
3. குரலும் தெரியக் கூடாது என்றார். மாற்றிக் கொடுத்தேன்.
4. படம் சென்னையில் அவள் கல்லூரியில் காட்டப்பட்டது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.
5. அதே படம் திருவண்ணாமலையில், அவள் குடும்பம் போகும் சர்ச்சின் ஹாலில் காட்டப்பட்டது.
6. ஒரு அம்மா சிரித்தார்.
7. என் தோழி வாயைத் திறந்தாள்.
8. அடுத்த ஞாயிறு ஆராதனையில் கீபோர்டு வாசிக்க ஆள் இல்லை.

அவளைத் தெரியாதவர்களுக்கு இதில் ஏழாவது வரி ஒரு சாதாரண வரி. எனக்கு இன்னமும் அதுதான் புரியாத வரி. கேள்வி கேட்பாள், கிண்டல் செய்வாள், மணிக்கணக்கில் சண்டை போடுவாள். ஆனால் பேச்சு நின்று ஒரு மௌனம் விழுந்துவிட்டால், அதை முதலில் உடைக்கிற ஆள் அவளாக இருந்து நான் பார்த்ததே இல்லை. எதிரில் இருப்பவர் தாங்க முடியாமல் பேசும்வரை காத்திருப்பாள்.

பஸ் ஸ்டாண்டில் ஆட்டோவுக்குப் பேரம் பேசுவதும் இப்படித்தான். வேங்கிக்கால் என்பாள். டிரைவர் ஒரு தொகை சொல்வார். இவள் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். அதில் கோபமோ கெஞ்சலோ இருக்காது. அடுத்து என்ன சொல்லப் போகிறார் என்கிற ஆர்வம் மட்டும்தான்.

"ஜாஸ்தி இல்லம்மா. பெட்ரோல் விக்கிற வெலைல…"

நிற்பாள்.

"சரி, கொஞ்சம் கம்மி பண்ணிக் குடு."

நிற்பாள்.

"ஐயோ, ஏம்மா இப்படிப் பாக்குற? என் பொண்டாட்டிகூட என்ன இப்படிப் பாத்ததில்ல. ஏறு, ஏறு. குடுக்கறத குடு."

ஏறி உட்கார்ந்த பிறகு என் தொடையில் கிள்ளிச் சிரிப்பை அடக்குவாள்.

எங்கள் இரண்டு பேர் வீடும் வேங்கிக்காலில் ஒரே தெருவில். இரண்டு பேர் அப்பாவும் கலெக்டர் ஆபீஸில் கிளார்க். அவர்கள் ஞாயிறு சர்ச்சுக்குப் போவார்கள், நாங்கள் பௌர்ணமிக்கு மலை சுற்றுவோம். பள்ளிக்கூடம் முடித்ததும் நான் பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் படித்துவிட்டு, தேரடி பக்கத்தில் ஒரு வீடியோ ஸ்டூடியோவில் எடிட்டிங்குக்குச் சேர்ந்தேன். கல்யாணம், காதுகுத்து, ஞானஸ்நானம் எல்லாம் என் கையில் வெட்டுப்பட்டு ஒட்டுப்பட்டுப் போகும். அவள் சென்னைக்குப் போய்க் காட்சித் தொடர்பியல் படித்தாள்.

கடைசி வருடம் கல்லூரிக் கேமராவும் முக்காலியுமாக ஊருக்கு வந்து இறங்கினாள். கல்லூரியில் எடிட்டிங் மெஷினுக்கு வரிசை நீளமாம். என் முதலாளியிடம் கேட்டு, வேலையில்லாத மத்தியானங்களில் எங்கள் மெஷினில் வேலை செய்ய அனுமதி வாங்கினேன். என்ன படம் என்று முதலாளி கேட்டார்.

"சர்ச்சப் பத்தி, சார்," என்றாள். அதுவும் உண்மைதான்.

எனக்கு விஷயத்தை முன்பே சொல்லியிருந்தாள். கிரிவலப் பாதையில் சோளம் தின்றுகொண்டு நடந்தபோது, "நானும் அப்படித்தான்டி," என்றாள். நான், "சரி," என்றேன். அவள் வழக்கம்போலக் காத்திருந்தாள். நான் சோளத்தைக் கடித்துக்கொண்டே நடந்தேன். கொஞ்ச தூரம் போன பிறகு சிரித்துவிட்டாள்.

"உங்கிட்ட காத்திருந்து பிரயோஜனமே இல்ல."

"நீ எதுக்குப் படத்துல வரல?"

"கேமராவுக்குப் பின்னாடி ஒரு ஆள் வேணுமில்ல?"

அவளுடைய படப்பிடிப்புகளுக்கு மைக் பிடிக்க நான் போவேன். ஒவ்வொரு பேட்டி முடிந்ததும் அவள் ஒரு காரியம் செய்வாள். "எல்லாரும் அப்படியே இருங்க. மூச்சு விடலாம், பேசக் கூடாது," என்று சொல்லிவிட்டு, யாரும் பேசாத அறையின் சத்தத்தைப் பதிவு செய்வாள். இதற்கு ரூம் டோன் என்று பெயர். மௌனம் எல்லா இடத்திலும் ஒன்றுபோல இருக்காது. ஒரு அறையில் ஃபேன் உறுமும், ஒன்றில் டியூப்லைட் முனகும், இன்னொன்றில் பக்கத்து வீட்டு மிக்ஸி ஓடும். பேச்சை வெட்டி ஒட்டும்போது நடுவில் விழுகிற ஓட்டையை அதே அறையின் மௌனத்தை வைத்து அடைக்க வேண்டும், இல்லாவிட்டால் காதில் இடறும். இது என் பாடத்திலும் இருந்தது. ஆனால் எங்கள் ஸ்டூடியோவில் எல்லா ஓட்டையையும் சினிமாப் பாட்டு போட்டு அடைப்போம்.

மற்றவர்கள் அரை நிமிடம் எடுப்பதை அவள் டேப் தீரும்வரை எடுப்பாள். படத்தின் முக்கியமான பேச்செல்லாம் அப்போதுதான் வந்தது.

பாஸ்டர் ஐயாவை எடுத்த நாள் எனக்கு நன்றாக ஞாபகமிருக்கிறது. பெரிய உடம்பு, மெல்லிய குரல். வேதத்தை மடியில் வைத்துக்கொண்டு, எது பாவம், எங்கே எழுதியிருக்கிறது என்று வசனம் வசனமாகச் சொன்னார். கடைசியில், "நீ ஏம்மா இத எடுக்குற?" என்று கேட்டார். அவள், "அப்படியே இருங்க ஐயா. மூச்சு விடலாம்," என்றாள்.

ஃபேன் சுற்றியது. அவர் கண்ணை மூடினார். ஜெபிக்கிறார் என்று நினைத்தேன். திடீரென்று கண்ணைத் திறக்காமலே பேசினார்.

"எனக்கு ஒரு தம்பி இருந்தான். கேட்டா பம்பாய்ல இருக்கான்னு சொல்லுவோம். எங்க இருக்கான்னு எங்களுக்குத் தெரியாது. எங்கப்பாதான் போகச் சொன்னாரு. நான் பக்கத்துல நின்னேன்."

அவள் டேப்பை ஓட விட்டாள். டேப் தீர்ந்ததும், "ஐயா, இத வெச்சுக்கட்டுமா?" என்று மட்டும் கேட்டாள். அவர் வேதத்தை மூடி, மேலட்டையைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"வெச்சுக்கோ," என்றார்.

முகம் காட்டாத அந்த ஆள் சர்ச்சில் கீபோர்டு வாசிப்பவர். ஒரு தனியார் லேபில் ரத்தப் பரிசோதனை செய்கிற வேலை. நாற்பதைத் தொடும் வயது, ஒல்லி, தனியாள். நாங்கள் அண்ணன் என்போம். பாட்டு முடிந்து ஜனங்கள் உட்கார்ந்த பிறகும் கடைசிச் சுரத்திலிருந்து விரலை எடுக்க மாட்டார். அது தானாகத் தேய்ந்து மறையும்வரை பிடித்திருப்பார். அதனால்தான் இவளுக்கு அவரைப் பிடித்திருந்தது என்று நினைக்கிறேன்.

பேசச் சம்மதித்தபோது அவர் கேட்டது ஒன்றுதான். "எனக்கு அந்த சர்ச்ல வேற எடம் வேணாம் பாப்பா. அந்த ஸ்டூல் போதும். அதுக்கு மட்டும் ஒண்ணும் ஆகாம பாத்துக்கோ."

"ஆகாதுண்ணே. நான் பாத்துக்கறேன்," என்றாள்.

பார்த்துக்கொள்ளவும் செய்தாள். அவர் வீடு ஒரு மாடி போர்ஷன். ஜன்னலில் மலை தெரிந்தது. எங்கள் ஊரில் மலை ஒவ்வொரு தெருவிலிருந்தும் ஒவ்வொரு வடிவம். படத்தில் அதன் சரிவைப் பார்த்தால் எந்தத் தெரு, எந்தப் பக்க வீடு என்று உள்ளூர்க்காரர்கள் சொல்லிவிடுவார்கள். அதனால் ஜன்னலுக்குப் போர்வை கட்டினாள். பின்னால் விளக்கு வைத்து, அவரை வெறும் நிழலாக்கினாள். சட்டைக் காலர் தெரியாமல் மேலே ஒரு துண்டைப் போட்டாள். அவர் நாற்காலியைக்கூடக் கீழ்வீட்டில் இரவல் வாங்கி மாற்றினாள்.

அவர் பேசினார். "பிரசங்கத்துல எங்கள மாதிரி ஆளுங்களத் திட்டுவாங்க. நான் அடுத்த பாட்டு என்னா ஸ்கேல்னு யோசிச்சுட்டு இருப்பேன். ஏன்னா திட்டி முடிச்சதும் எல்லாரும் எழுந்து நிப்பாங்க. நான் வாசிச்சாதான் அவங்களால ஆரம்பிக்க முடியும்." கொஞ்சம் சிரித்தார். "அப்போ மட்டும், சாமி, நீயும் எனக்காகத்தான காத்திருக்கன்னு தோணும்."

பிறகு ரூம் டோன். யாரும் அசையவில்லை. சுவரில் ஒரு கடிகாரம் இருந்தது. மணிக்கு ஒரு முறை சின்னதாக ஒரு இசை போடும் ரகம். அது பாதி இசையில் நின்றது, முதலிலிருந்து தொடங்கியது, மறுபடி அதே இடத்தில் நின்றது, பிறகு ஒரு மூச்சில் முடித்தது. விக்கல் எடுக்கிற குழந்தை பாடுவதுபோல இருந்தது. நான் அவளைப் பார்த்தேன். அவள் முகம் மலர்ந்திருந்தது. அவர் எதையும் கேட்டதாகவே தெரியவில்லை. கூடவே இருக்கிற கடிகாரம் யாருக்கும் கேட்பதில்லை.

ஸ்டூடியோவில் அந்த இடம் வந்தபோது, "இந்தச் சத்தத்த வெட்டிட்டு வேற ரூம் டோன் போடட்டுமா?" என்றேன்.

"வேணாம். முகத்த எடுத்துட்டோம். குரல எடுத்துட்டோம். மலைய எடுத்துட்டோம். அவரோடதுன்னு இதாவது இருக்கட்டும்டி."

படத்தை அவருக்குப் போட்டுக் காட்டினோம். முழுவதும் பார்த்தார். "நான்தான்னு எனக்கே தெரியல," என்றார். நிம்மதியாக டீ குடித்துவிட்டுப் போனார்.

அந்தக் கடிகாரத்தைப் பற்றி எனக்குப் பின்னால் தெரிந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அந்தச் சர்ச்சில் வருடத்துக்கு ஒரு முறை, அறுவடைக்கு நன்றி சொல்லும் அறுப்பின் பண்டிகை. பூசணிக்காய், வாழைத்தார், கோழி, கேக், எவர்சில்வர் குடம் என்று வீட்டுக்கு வீடு காணிக்கையாகக் கொண்டுவந்து வைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் அத்தனையும் அங்கேயே ஏலம். முந்தைய வருடம் பெண்கள் சங்கத்து அம்மா ஒருவர், மகன் துபாயிலிருந்து அனுப்பிய இசைக் கடிகாரத்தை வைத்தார். அதற்கு முதல் நாளிலிருந்தே இந்தக் கோளாறு. ஏலம் போட்டவர் அதை மைக் பக்கத்தில் வைத்து ஓட விட்டு, "விக்கல் எடுக்குது பாருங்க, யாராச்சும் தண்ணி குடுங்க!" என்றாராம். சபையே சிரித்து உருண்டதாம். கடைசியில் கீபோர்டு அண்ணன் எடுத்தார். "மியூசிக்ல கோளாறுன்னா நான்தான வைத்தியம் பாக்கணும்," என்றாராம். அன்றிலிருந்து அதற்கு விக்கல் என்றே பெயர். சபையில் எல்லோருக்கும் தெரியும். என் தோழிக்குத் தெரியாது. அந்த ஞாயிறு அவள் பரீட்சைக்காகச் சென்னை ஹாஸ்டலில் இருந்தாள்.

படத்தை ஊரில் போட வேண்டும் என்று பிடிவாதமாக நின்றவள் அவள்தான். "சென்னைல காட்டி யாருக்கு என்னா? திட்டறவங்க இங்க இருக்காங்க, கேக்கறவரும் இங்க இருக்காரு." பாஸ்டர் ஐயா தன் தம்பியின் பகுதியை மறுபடி பார்த்துவிட்டு, ஒரு ஞாயிறு ஆராதனைக்குப் பிறகு ஹாலைத் தருவதாகச் சொன்னார். கமிட்டி முணுமுணுத்தது. பார்க்காமல் எதிர்க்கக் கூடாதென்று அவர் சொல்லிவிட்டார்.

பெரிய டிவி ஒன்றைக் கொண்டுபோய் வைத்தேன். சத்தத்தை சர்ச்சின் ஸ்பீக்கர் பெட்டிகளில் இணைத்தேன். மடக்கு நாற்காலிகள் நிறைந்திருந்தன. அவள் அப்பா முன்வரிசையில் இருந்தார். அண்ணன் சுவரோரமாக உட்கார்ந்திருந்தார். அவள் எனக்குப் பக்கத்தில்.

நிழல் பேசியது. பாட்டைப் பற்றியும் திட்டைப் பற்றியும் பேசி நிறுத்தியது. ஹாலில் அப்படி ஒரு கவனத்தை நான் எந்தக் கல்யாண வீடியோவுக்கும் பார்த்ததில்லை. பெண்கள் வரிசையில் ஒருவர் மூக்கை உறிஞ்சினார். அந்த அமைதியில், பெரிய ஸ்பீக்கரில், கடிகாரம் பாடத் தொடங்கிப் பாதியில் நின்றது.

"ஐயோ, நம்ம விக்கல்!" என்று சிரித்தார் ஒரு அம்மா.

அதைக் காணிக்கை வைத்த அதே அம்மா. துளி விஷமம் இல்லாத சிரிப்பு, தெரிந்த பிள்ளையைச் சந்தையில் பார்த்ததுபோல. இன்னும் இரண்டொருவர் சிரித்தார்கள். சிலர் "என்னா, என்னா?" என்றார்கள். அதற்குள் யாரும் எதையும் கூட்டிப் பார்த்திருக்கவில்லை. படத்தில் பேசியவர்கள் பல ஊர் சர்ச்காரர்கள், கீபோர்டு வாசிக்க எல்லா சர்ச்சிலும் ஒருவர் உண்டு, துபாய்க் கடிகாரங்களும் எத்தனையோ. சிரிப்பு தானாக அடங்கிக்கொண்டிருந்தது. இன்னும் ஒரு மூச்சு நேரம் போயிருந்தால் திரையில் அடுத்த ஆள் வந்திருப்பார்.

என் தோழி எழுந்து நின்றாள்.

"அது அண்ணன் வீடு இல்ல!"

யாரும் யார் வீட்டையும் கேட்டிருக்கவில்லை.

தலைகள் ஒவ்வொன்றாகச் சுவர்ப் பக்கம் திரும்பின. சிரித்த அம்மா வாயைப் பொத்திக்கொண்டார். திரையில் பாஸ்டர் ஐயாவின் முகம் வந்து, தன் தம்பியைப் பற்றிச் சொன்னது. நிஜத்தில் பாஸ்டர் ஐயா எழுந்து, "படம் ஓடட்டும், எல்லாரும் படத்தப் பாருங்க," என்றார். ஒருவரும் பார்க்கவில்லை. அண்ணன் எழுந்தார். தன் நாற்காலியை மடக்கினார். சத்தம் வராமல் சுவரில் சாய்த்து வைத்தார். வெளியே போனார்.

அவரைப் போகச் சொன்னதாக யாரும் ஒப்புக்கொள்வதில்லை. "கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுக்கட்டும்னுதான் சொன்னோம்," என்பார்கள் கமிட்டியில். பாஸ்டர் ஐயா அவர் வீட்டுக்குப் போய் வந்தார். என்ன பேசினார்கள் என்று தெரியாது. என் தோழியின் அப்பா அவளோடு பேசுவதை நிறுத்திக்கொண்டார். அவள் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை.

அவளும் அவர் வீட்டுக்குப் போனாள். நானும் கூடப் போனேன். கதவு உள்பக்கம் தாழிட்டிருந்தது. அவள் தட்டவில்லை, கூப்பிடவில்லை. படிக்கட்டின் மேல்படியில் நின்று காத்திருந்தாள். வெயில் இறங்கியது. மலை கறுத்தது. உள்ளே கடிகாரம் விக்கி விக்கி முடித்தது. கதவு திறக்கவில்லை.

"வா போலாம்," என்றேன்.

"இன்னும் கொஞ்சம்."

கீழ்வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "அவரு யாருக்கும் தெறக்கறதில்லம்மா," என்று சொன்ன பிறகுதான் இறங்கினாள். இறங்கும்போது, "எல்லாரையும் பேச வெச்சேன் இல்ல," என்றாள்.

சில வாரங்களில் அவர் ஊரை விட்டுப் போய்விட்டார். லேபிலும் சொல்லவில்லை.

அடுத்த அறுப்பின் பண்டிகைக்கு வீடியோ எடுக்க நான் போயிருந்தேன். பூசணிக்காய்களுக்கும் வாழைத்தார்களுக்கும் நடுவில் அந்தக் கடிகாரம் இருந்தது. போகும்போது அண்ணன் சர்ச்சுக்குக் கொடுத்துவிடச் சொன்னார் என்று அவர் வீட்டின் சொந்தக்காரர் கொண்டுவந்து வைத்திருந்தார். ஏலம் போடுகிறவர் அதைத் தூக்கிக் காட்டினார். இந்த முறை கிண்டல் இல்லை. கூட்டம் தரையைப் பார்த்தது. சிரித்த அம்மா எழுந்து வெளியே போய்விட்டார். பின்னால் என் ஸ்டூடியோவுக்கு வந்து அழுதார். "சத்தத்தக் கேட்டதும் வாய் தானா சிரிச்சிடுச்சும்மா. அந்தப் புள்ள மேல எனக்கு என்னா கோவம்?"

கடைசி வரிசையிலிருந்து என் தோழி ஏலம் கேட்டாள். ஏலக்காரர், "ஒரு தரம்," என்றார். "ரெண்டு தரம்." அதோடு நின்றுவிட்டார். வேறு யாராவது கேட்க மாட்டார்களா என்று பார்த்தாரா, அவளிடம் கொடுக்க மனமில்லையா, தெரியாது. அவள் நின்றாள். என் கேமராவின் மைக்கில் கோழிகளின் சத்தம் மட்டும் பதிவாகியிருக்கிறது. கடைசியில் பாஸ்டர் ஐயா தன் இருக்கையிலிருந்தே, "மூணு தரம்," என்றார்.

கடிகாரத்தோடு நேராக ஸ்டூடியோவுக்கு வந்தாள். பின்மூடியைத் திறந்து பேட்டரியை எடுத்து என் மேஜையில் வைத்தாள்.

"இனிமே இது ஓடாது. அவர் கையால போட்டாத்தான் ஓடும். நான் போட மாட்டேன், வேற யாரையும் போட விட மாட்டேன்."

"எங்கன்னு தேடுவ?"

"வாசிக்காம அவரால இருக்க முடியாது. கடைசிச் சுரத்த அப்படிப் பிடிக்கறவங்க எத்தன பேரு இருப்பாங்க?"

சென்னையில் ஒரு வேலை பார்த்துக்கொண்டு, ஞாயிறு தோறும் கடிகாரத்தைப் பையில் போட்டுக்கொண்டு ஒவ்வொரு ஊர் சர்ச்சாகப் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள். மத்தியானம் ஸ்டூடியோவுக்குப் போன் செய்வாள். "விழுப்புரம். இங்க இல்ல." "குடியாத்தம். வாசிக்கறது ஒரு பொண்ணு. நல்லா வாசிக்குது." சொல்லி முடித்த பிறகும் போனை வைக்க மாட்டாள். நானும் வைக்க மாட்டேன். அவள் நிற்கிற பூத்தின் சத்தம் கேட்கும், பஸ் ஹாரன், யாரோ சில்லறை கேட்பது. மழை பெய்கிறதா என்றுகூடத் தெரிந்துகொள்வேன். ஒரு கட்டத்தில் போன் வருவது நின்றது. அவள் வேலை பார்த்த இடத்தில் கேட்டேன். விட்டுப் போய்விட்டதாகச் சொன்னார்கள். அவள் வீட்டுக்கும் எதுவும் தெரியவில்லை.

போன வருடம் ஒரு ஞாயிறு மத்தியானம் ஸ்டூடியோ போன் அடித்தது. எடுத்து ஹலோ என்றேன். பதில் இல்லை. வைக்கப் போனவள் வைக்கவில்லை. அது காலியான போன் இல்லை. ஒரு அறை. ஃபேன் மெதுவாக ஓடியது, எங்கோ குழாயில் தண்ணீர் விழுந்தது. எதிர்ப்பக்கம் யாரோ மூச்சு விட்டார்கள். ஒருவரா இருவரா என்று பிரிக்க முடியவில்லை. நான் அவள் பேரைச் சொல்லவில்லை. காத்திருந்தேன். பிறகு அந்த அறையின் உள்ளே சின்னதாக ஒரு இசை தொடங்கியது, பாதியில் நின்றது, முதலிலிருந்து தொடங்கியது, மறுபடி நின்றது, ஒரே மூச்சில் முடித்தது. போன் வைக்கப்பட்டது.

இப்போதைய நிலை இது. அவர் இந்த ஊருக்குத் திரும்பவில்லை. அவளும் வரவில்லை. சர்ச்சில் கீபோர்டைத் துணி போட்டு மூடியிருக்கிறார்கள். யாராவது குரல் எடுத்துக் கொடுக்க, பாட்டு ஆரம்பிக்கிறது. டேப்புகள் என் அலமாரியில் இருக்கின்றன. அவள் எடுத்து வைத்த பேட்டரி என் மேஜை டிராயரில் இருக்கிறது. கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கிறது.